கர்ப்பத்தின் 32 வாரத்தில் பிபி 150/100, கூடவே தலைவலி

சகோதரி, இரண்டு நாளாகத் தலைவலி, பிபி 150/100 என்கிறீர்கள். உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்தாலே கவனிக்க வேண்டியதுதான். தலைவலியும் சேர்ந்திருப்பதால் பிரீக்ளாம்ப்சியாவா (கர்ப்பத்தில் பிபி ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) என்று சிறுநீரில் புரதம், ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல் எல்லாம் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சி பின்தங்கும்; ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். கால் வீக்கம் பலருக்கும் வரும், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண் மங்கினாலோ, வலது மேல்வயிறு வலித்தாலோ, பிபி 160/110 தொட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு வரை போகலாம். லேபெட்டலால், பிபியைக் குறைக்கக் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைதான். அப்புறம், பிரசவம் முடிந்ததும் பிபி பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். என் அக்காவுக்கு நான்காம் நாள்தான் ஏறியது.