பெங்களூரா, சென்னையா, கோவையா? முதல் குழந்தைக்கு முன் ஊர் மாற நினைப்பவர்களுக்கு

கேள்வி: நானும் கணவரும் பெங்களூரில் வேலை பார்க்கிறோம். எனக்கு வயது 31, சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் இன்ஜினியர். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு மேலாளர். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். என் பெற்றோர் பொள்ளாச்சியில், அவருடைய பெற்றோர் திருச்சியில். இங்கேயே இருப்பதா, சென்னை போவதா, கோவையா? நல்ல பள்ளிகள் இருக்கும் ஊராகத் தேடுகிறோம்.

பதில்: பள்ளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எல்.கே.ஜி. சேர்க்கவே குழந்தைக்கு மூன்று வயதாவது முடிய வேண்டும். உங்களுக்கு அது குறைந்தது நான்கு வருடம் தள்ளி. நீங்கள் சொல்லும் மூன்று ஊரிலும் நல்ல பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஊரைத் தீர்மானிக்க வேண்டியது வேறு ஒரு கணக்கு.

மகப்பேறு விடுப்பு சட்டப்படி 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தால் பிரசவத்துக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம். நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது கையில் நாலு மாதக் குழந்தை இருக்கும். பல ப்ளே ஸ்கூல்கள் ஒன்றரை வயதுக்குக் கீழே எடுப்பதில்லை. நடுவில் கிடக்கும் அந்த 14 மாதம் குழந்தையை யார் பார்ப்பது? இதற்குப் பதில் எந்த ஊரில் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர்.

இதை வைத்து மூன்றையும் பார்ப்போம். பெங்களூரில் இருந்தால் அலுவலகக் காப்பகம் கைகொடுக்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்கிறது சட்டம். ஆனால் அது எங்கே இருக்கிறது, எத்தனை மாதக் குழந்தையிலிருந்து எடுக்கிறார்கள் என்று மனிதவளப் பிரிவில் இப்போதே கேளுங்கள். பெயருக்கு ஒரு தனியார் மையத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, அது அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. சென்னை உங்களுக்கு இரண்டும் கெட்டான். பொள்ளாச்சியிலிருந்து ஓர் இரவுப் பயணம், உங்கள் துறையில் வேலைகளும் பெங்களூர் அளவுக்குக் கிடையாது. திருச்சிப் பெற்றோர் சென்னைக்கு வந்து தங்கத் தயார் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

கோவைதான் என் சாய்வு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

இரண்டு பேர் வேலையில் எதற்குச் சந்தை குறுகலோ, அதை முதலில் காப்பாற்ற வேண்டும். கணக்குப் பிரிவு மேலாளருக்குக் கோவையில் பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, மில் என்று கதவுகள் பல. சிப் வடிவமைப்புக்கு அங்கே விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். ஆகவே நீங்கள் வேலையை விடக் கூடாது. இதே நிறுவனத்தில் முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்குங்கள், அதுவும் எழுத்தில். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது அவர் மாறினால் காற்றோடு போய்விடும். பணியிடம் கோவை என்று கடிதம் வரட்டும். சம்பளம் மாறுமா, மாதத்துக்கு எத்தனை நாள் நேரில் வர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். கடிதம் கிடைக்காவிட்டால் பெங்களூரிலேயே இருந்து, அம்மாவுக்கும் சேர்த்து ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாறுவது மேல்.

வேலையை விடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால்தான் மகப்பேறு சம்பளத்துக்கு உரிமை. வாரம் 5 நாள் என்றால் 16 வாரம். கர்ப்பமான பிறகு நிறுவனம் மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். காப்பீடும் அப்படியே. பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை, ஆனால் உச்சவரம்பு இருக்கும். தனியாக எடுக்கும் பாலிசியில் 9 மாதம் முதல் சில வருடம் வரை காத்திருக்க வேண்டிவரும். கணவர் வேலை மாறப்போவதால், அவருடைய பாலிசியை நம்பாமல் உங்களுடையதில் குழந்தையைப் பிறந்த நாளிலிருந்தே சேர்க்க முடியுமா என்று பார்த்து வையுங்கள்.

கோவையில் எந்தப் பக்கம்? ஐ.டி. ஆட்கள் என்றதும் தரகர்கள் சரவணம்பட்டியைக் காட்டுவார்கள். உங்களுக்கு அது தப்பான திசை. பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஊரைக் குறுக்கே கடந்து சரவணம்பட்டி போக இன்னும் முக்கால் மணியாவது கூடும். சுந்தராபுரம், குறிச்சி, ஈச்சனாரிப் பக்கம் பாருங்கள். உக்கடம் மேம்பாலம் 2024இல் திறந்த பிறகு அங்கிருந்து ஊருக்குள் போவது முன்பைவிட எளிது. இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள்: ஒரு மணி நேரம் என்பது அவசரத்துக்கு வரும் தூரம், தினமும் வந்துபோகும் தூரமல்ல. அம்மா திங்கள் முதல் வெள்ளி வரை தங்குவாரா, அப்போது அங்கே வீட்டையும் அப்பாவின் சாப்பாட்டையும் யார் பார்ப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்ற பதிலை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கொருக்கா வருதுங்க?" என்பது. போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர். மூன்று பேருக்கு 405. எட்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் விடுகிறார்கள், போர் கைகொடுக்காது என்றால் 3,240 லிட்டர் சேமிக்க இடம் வேண்டும். சம்ப் மூடியைத் திறந்து பாருங்கள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 5,000 லிட்டர் தொட்டிதான் என்றால் லாரித் தண்ணீருக்கும் தனியாகப் பணம் வைக்க வேண்டும். குழந்தை வந்தால் துணி துவைப்பதே இரட்டிப்பாகும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்லும் அளவு. அதைச் சொல்லியே பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். வீடு வாங்குவது வேண்டாம், குறைந்தது இரண்டு வருடத்துக்கு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் போய்விடும். ஊர் ஒத்துவராவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.

மருத்துவமனையை வீட்டுக்கு முன்பே முடிவு செய்வது நல்லது. வரவேற்பில் பிரசவ பேக்கேஜ் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "குழந்தை ஒன்றரைக் கிலோவில் பிறந்தால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அனுப்புவோம் என்றால், தாய் ஓர் இடத்திலும் குழந்தை ஓர் இடத்திலும் இருக்கும் நிலைமை வரலாம். இரவில் மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ரத்த வங்கி அதே வளாகத்தில் உண்டா என்பதும் முக்கியம். கோவையில் பெரிய மருத்துவமனைகள் பல அவிநாசி சாலைப் பக்கம் இருப்பதால், பார்த்துவைத்த வீட்டிலிருந்து மாலை ஆறரை மணிக்கு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்கள்.

கர்ப்பத்துக்கு முன்பே மாறிவிட்டால் சிக்கல் குறைவு. முடியாவிட்டால், டாக்டர் ஆட்சேபிக்காத வரை, 14 வாரத்துக்கும் 28 வாரத்துக்கும் நடுவில் மாறுங்கள். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள் வரும். அது எந்த ஊரில் என்று முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று, பிக்மி பதிவு, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்துகொள்வது. தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் இந்தப் பதிவில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பார்கள், பிறப்புப் பதிவுக்கும் அது தேவை. வந்த வாரமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸைப் பாருங்கள், 102க்கும் போன் செய்யலாம். கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தாய் கார்டு வாங்கியிருந்தால் அதையும் காட்டுங்கள். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கர்நாடகப் பதிவெண் கார் இருந்தால் கிளம்புவதற்கு முன் அங்குள்ள ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். இங்கே சாலைவரி கட்டிய பிறகு, அங்கே கட்டியதில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதற்காகப் பெங்களூர் போய்வருவது பெரும்பாடு.