யாருடைய முகம் நினைவில் இருக்கிறது?

வணக்கம் ஐயா,

டெக்சாஸில் பிரிஸ்கோ என்ற ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். 2023 மே மாதம், எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ஆலன் நகரத்து அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். குழந்தைக்குத் துணி எடுக்க நாங்களும் போகிற இடம் அது. இறந்து கிடந்தவர்களின் படங்கள் ட்விட்டரில் பரவி, எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டன. நானும் திறந்து பார்த்தேன். இன்றுவரை அது கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்போதெல்லாம் இப்படிச் செய்தி வந்தால் முதலில் எந்த ஊர் என்று பார்க்கிறேன். அப்புறம் எத்தனை பேர். இரண்டு மூன்று என்றால் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். டிவியில் நாலு நாள் அதே பேச்சு. சுட்டவன் யார், ஏன் சுட்டான், மெழுகுவர்த்தி, பிரார்த்தனை. ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறார்கள். இந்த மக்களுக்கு மனம் மரத்துவிட்டதா? எனக்கும் மரத்துவிட்டதா? சுட்டவன் பெயரையே ஊடகங்கள் சொல்லாமல் விட்டால் இது குறையுமா?

மகளுக்கு ஆறு வயது. போன மாதம் கடையில் விளக்கு எரிகிற ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று பள்ளியில் நடத்தும் லாக்டவுன் பயிற்சியில் இருட்டில் ஒளிந்திருக்கும்போது வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஒரு வாசகி, பிரிஸ்கோ

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. மனம் மரத்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். அந்த ஷூவை இவ்வளவு துல்லியமாக எழுதியவருக்கு மரத்திருக்க வழியில்லை. களைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் காலையில் மாணவர் விடுதியில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு, நடுவில் தபால் நிலையத்துக்குப் போய், தன் படங்களையும் காணொளிகளையும் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு அனுப்பினான். அதற்குப் பிறகுதான் வகுப்பறைக் கட்டடத்துக்குப் போனான். இரண்டு நாள் கழித்து அந்தத் தபால் நியூயார்க்கில் கிடைத்தது, அன்று மாலையே ஒளிபரப்பானது. இரண்டு கையிலும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு அவன் நிற்கும் படம் உலகம் முழுக்க ஓடியது. அதே தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிக்கு வர ஒப்புக்கொண்டிருந்த சில குடும்பத்தார், அதைப் பார்த்த பிறகு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இறந்தவர்களில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு, ஏறக்குறைய கால் நூற்றாண்டு வர்ஜீனியா டெக்கில் நீரியல் பாடம் நடத்தினார். நல்ல ஆசிரியர் என்று விருதுகள் வாங்கியவர். வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே இறந்தார். எனக்கும் ஈரோடு மாவட்டம்தான். உங்கள் கடிதம் வந்த இரவு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கொலைகாரனின் முகம், அவன் தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்த விதம் முதற்கொண்டு, எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதரின் முகம் நினைவில் இல்லை. தேடி எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வாரம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எதை எடுத்து என் கண் முன்னால் வைத்தனவோ, அதுதான் பதினெட்டு ஆண்டுக்கு மேலாகியும் எனக்குள் தங்கியிருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

1999 கொலம்பைன் பள்ளிக் கொலைகளின்போதும் இதுதான். டைம் இதழின் அட்டையில் கொலைகாரர்கள் இருவரின் முகமும் நடுவில் பெரிதாக, வண்ணத்தில். இறந்தவர்கள் சுற்றிலும் சின்னதாக, கறுப்பு வெள்ளையில். அதைவிடப் பெரிய கேடு முதல் சில நாள்களில் கட்டப்பட்ட கதை. ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், கறுப்பு மேலங்கிக் கும்பல், விளையாட்டு வீரர்களைப் பழிவாங்கினார்கள், ராக் இசை கெடுத்துவிட்டது என்றெல்லாம் எழுதினார்கள். உண்மையில் அவர்கள் சாப்பாட்டுக் கூடத்தையே குண்டு வைத்துத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். குண்டு வெடிக்கவில்லை. கையில் கிடைத்தவர்களையெல்லாம் கொல்வதுதான் நோக்கம். ஆனால் விசாரணை அதைச் சொன்னபோது கேட்க ஆள் இல்லை, பழிவாங்கல் கதை ஊன்றிவிட்டது. வர்ஜீனியாவில் சுட்டவன் தொலைக்காட்சிக்கு அனுப்பிய தபாலில் கொலம்பைன் கொலைகாரர்கள் இருவரையும் தியாகிகள் என்று குறிப்பிட்டிருந்தான். ஒருவனுக்குக் கொடுத்த விளம்பரத்தை இன்னொருவன் எப்படிப் படிக்கிறான், பாருங்கள்.

அதனால் பெயர் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், கொஞ்சம் குறையும் என்றுதான் நினைக்கிறேன். பெயரை ஒரு முறை சொல்லலாம், வழக்கும் விசாரணையும் நடக்க வேண்டுமே. படத்தையும் அவன் எழுதி வைத்ததையும் திரும்பத் திரும்பக் காட்ட ஒரு நியாயமும் இல்லை. தற்கொலைச் செய்தியை எப்படி எழுதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே வழிமுறை சொல்லியிருக்கிறது. அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும். 2015இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படி ஒரு கூட்டக் கொலை நடந்தால் சராசரியாக 13 நாள் வரை இன்னொன்று நடக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று கண்டார்கள். 2012இல் அரோரா திரையரங்குத் துப்பாக்கிச் சூட்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெற்றோர், கொலைகாரர்களுக்கு விளம்பரம் கொடுக்காதீர்கள் என்பதற்காகவே இயக்கம் நடத்துகிறார்கள்.

ஆனால் இதோடு நிறுத்திவிட முடியாது. மற்ற நாடுகளிலும் இதே தொலைக்காட்சி, இதே இணையம், இதே தனிமை, இதே மனநோய் எல்லாம் இருக்கின்றன. இத்தனை துப்பாக்கி மட்டும் இல்லை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்ததும் ஆஸ்திரேலியா சட்டத்தை மாற்றி, ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் கொலைகாரன் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றார். அது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற கணக்கில் சட்டம் போட்டதும் சேர்த்து நினைவிருக்க வேண்டும்.

அமெரிக்க மக்களுக்கு மனம் மரத்துவிட்டது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்பதற்குக் கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் ஆதரவு. 2013 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் நூறு பேரில் 54 பேர் ஆதரித்து வாக்களித்தும் அது தோற்றது. ஏனென்றால் அங்கே 60 வேண்டும். இதை மக்களின் மறதி என்று எப்படிச் சொல்வது? 2018இல் பார்க்லேண்டில் 17 பேரை இழந்த பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மூன்றே வாரத்தில் ஃபுளோரிடா மாநிலம் துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கியது. மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதை ஏற்றும் படத்துக்கு நின்றுவிட்டு, வாக்கெடுப்பில் கைவிடுகிறவர்கள் மேல்தான்.

உங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் யுவால்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மே 24 அன்று அங்கே ஒரு பள்ளியில் சுடப்பட்டு இறந்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். மறுநாள் அதிகாரிகள் காவலர்களின் துணிச்சலைப் பாராட்டினார்கள். முதல் நாள் செய்திகளிலும் அதுதான் இருந்தது. உண்மை என்னவென்றால், மொத்தம் 376 காவலர்கள் வந்திருந்தும் 77 நிமிடம் யாரும் சுட்டவன் இருந்த வகுப்பறைக்குள் நுழையவில்லை. ஜூலையில் ஆஸ்டின் நகரத்துச் செய்தித்தாள் ஒன்று பள்ளிக் கூடத்து நடைவழியின் காணொளியை வெளியிட்டபோதுதான் நாடே அதைக் கண்ணால் பார்த்தது. பெரிய தொலைக்காட்சிகளின் வண்டிகள் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டன. அங்கேயே இருந்தது யுவால்டி லீடர் நியூஸ் என்ற சிறிய உள்ளூர்ப் பத்திரிகை. கொலைக்குப் பிறகு வந்த அதன் முதல் இதழின் முதல் பக்கம் முழுக்கக் கறுப்பு. தேதியைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த ஒருவரின் மகளும் இறந்த குழந்தைகளில் இருந்தாள்.

ஆகவே முதல் இரண்டு நாள் டிவியை அணைத்துவிடுங்கள். அப்போது வருவதில் பாதி தவறாக இருக்கும். சாண்டி ஹூக்கில் சுட்டவன் என்று முதலில் சொன்னது அவனுடைய அண்ணன் பெயரை, எந்தத் தப்பும் செய்யாத ஒருவரை. உங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஆலன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விசாரணை என்ன ஆயிற்று, காயம்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், டெக்சாஸ் சட்டமன்றத்தில் என்ன பேசினார்கள் என்று கடைசிவரை படியுங்கள். இரண்டு மூன்று பேர் என்றால் கடந்துபோகிறேன் என்றீர்களே, அந்தக் குற்றவுணர்ச்சிக்கு ஒரு தகவல்: 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் கேமரா வரும் என்ற வழக்கத்தில் இவர்களில் பெரும்பாலோர் செய்தியாகவே வருவதில்லை. அந்த அளவுகோல் நீங்கள் செய்ததல்ல, உங்களுக்குக் கொடுக்கப்பட்டது.

வாட்ஸப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவரிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே கிடந்தது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை, அவர்களுக்கும் அது வந்து சேர்ந்திருக்கும் என்று சொன்னால் போதும். உங்கள் போனில் இன்னும் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

மகள் ஷூ வேண்டாம் என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லத் தோன்றியிருக்காது, புரிகிறது. ஆனால் அவளிடம் கேளுங்கள். விளக்கை அணைத்ததும் எங்கே உட்கார்ந்தாய், பக்கத்தில் யார் இருந்தது, பயமாக இருந்ததா என்று. முடிந்தால் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய் அந்த ஷூவையே வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கு வேண்டாம், வீட்டில் போட்டுக்கொண்டு ஓடட்டும்.

அன்புடன்