கண்ணாடி வேர்ப்பது இருக்கட்டும், பிள்ளையின் விலாவைப் பாருங்கள்

ஏசி அறை ஜன்னலில் வழியும் தண்ணீர், அதற்கு ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்ன வீடியோ, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கருப்புப் புள்ளிகள் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, நான்கு வயது மகள் பத்து நாளாக விடியற்காலையில் இருமி எழுந்திருக்கிறாள் என்பதைக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் பயம் அந்த வரியில்தான் இருக்கிறது.

இன்று ராத்திரி அவள் தூங்கும்போது லைட்டைப் போட்டு, சட்டையை ஏற்றிவிட்டு நெஞ்சைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலோ, விலாவுக்குக் கீழேயோ சதை குழிவிழுந்து உள்ளே போகிறதா? அப்புறம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பேச முடியாமல் இளைத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு தேவிபட்டினத்திலிருந்து நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். இதெல்லாம் இல்லையென்றாலும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் பகலெல்லாம் ஓடியாடிவிட்டு விடியற்காலையில் மட்டும் இருமுவது பல பிள்ளைகளுக்கு வீசிங்கின், அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பதன் தொடக்கம். போன வருஷம் மீந்த இருமல் சிரப்பைக் கொடுத்தேன் என்கிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இருமல் சிரப்புகள் பலவும் தூங்கவைத்து மூச்சுத் திணறலை மறைத்துவிடும்.

கண்ணாடிக்கு வருவோம். விரலால் தடவிப் பாருங்கள், தண்ணீர் வெளிப்பக்கம் இருக்கும். ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் கடல்காற்று பட்டு வேர்க்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்த வீடியோ குளிர்நாட்டுக்காரருடையது. அங்கே வெளியே குளிர், உள்ளே வெப்பம், அதனால் கண்ணாடியின் உள்பக்கம் நனையும், ஜன்னலைத் திறந்தால் ஈரம் குறைந்த குளிர்காற்று வந்து வீடு காயும். நம் பக்கம் மழைநாளில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் அடிக்கும்போது திறந்தால் போதும்.

பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கருப்புப் புள்ளிகள்தான் விஷயம், அது ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை. 2021-ல் கொரோனாவோடு பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய் வேறு, உங்கள் சுவரில் இருப்பது மூளைக்குப் போகாது. ஆனால் வீசிங் உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாயை உறுத்தும். பிள்ளையை வேறு அறையில் விட்டுவிட்டு, மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, கிளம்பும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். பீரோவை அரையடி நகர்த்திப் போடுங்கள். உப்புப் பூத்து ஓதம் ஏறின சுவரில் அப்படியே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரிந்து வந்துவிடும், முதலில் தண்ணீர் எந்த விரிசல் வழியாக வருகிறது என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஈரத்துணியை அந்த அறையில் காயப்போட வேண்டாம்.

ஈர வாடை போக தினமும் சாம்பிராணி போடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருமுகிற பிள்ளை படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் கூடாது, கொசுவத்தியும் கூடாது. வலை கட்டிக்கொள்ளுங்கள்.