வானம் பார்ப்போர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகனுக்கு இரவு வானம் என்றால் பைத்தியம். நட்சத்திரத்துக்கு நேரே பிடித்தால் அதன் பெயரைச் சொல்லுகிற 'ஸ்கைஸ்கவுட்' என்ற கருவி பழையதாக மலிவு விலைக்குக் கிடக்கிறது, வாங்கி அனுப்பட்டோ என்று ரொறொன்ரோவில் இருக்கிற தம்பி கேட்கிறான். என்ன சொல்ல?
(ஒரு தாய், கொக்குவில்)

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கோ பிள்ளை. தன் காலத்தில் அது கெட்டிக்காரக் கருவிதான். செலஸ்ட்ரோன் நிறுவனம் 2006இல் கொண்டுவந்தது. ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்து, நட்சத்திரத்தை நடு வட்டத்துக்குள் கொண்டுவந்து பொத்தானை அமத்தினால் பெயரும் கதையும் சொல்லும். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வான்பொருட்கள் அதன் நினைவில் இருந்தன. ஆனால் எதையும் பெரிதாக்கிக் காட்டாது. பலர் அதைத் தொலைநோக்கி என்று நினைத்து வாங்கி ஏமாந்தார்கள்.

அடுத்ததாக மீட் நிறுவனம் 'மைஸ்கை' என்று ஒன்று விட்டது. அது துப்பாக்கி வடிவம்! 2007இல், ஊரடங்கு நேரத்தில், இங்கே ஒருவர் முற்றத்தில் நின்று அதை வானத்துக்கு நீட்டியிருந்தால் நட்சத்திரத்தின் பெயரைக் கேட்க ஆள் மிஞ்சியிராது.

இரண்டுக்கும் உள்ளே இருந்த சரக்கு ஒன்றுதான்: இடமும் நேரமும் அறிய ஜிபிஎஸ், சரிவை அறிய ஓர் உணரி, திசையை அறியக் காந்த உணரி. இன்றைக்கு அதெல்லாம் உங்கள் போனுக்குள்ளேயே இருக்கிறது. 'ஸ்கை மேப்' செயலி இலவசம், இணையமும் தேவையில்லை. 'ஸ்டெல்லேரியம்' இன்னும் அழகு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. மலிவான சில போன்களில் காந்த உணரியே வைப்பதில்லை. அப்படிப்பட்ட போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் வரைபடம் கூடவே திரும்பாது.

தம்பிக்குக் காசு செலவழிக்க மனமிருந்தால் 10×50 இருகண் நோக்கி ஒன்று அனுப்பட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும், முன் வில்லையின் அகலம் 50 மில்லிமீற்றர். கைநடுக்கம் உள்ளவருக்கு 7×50 நல்லது. முழங்கைகளை மதிலில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறேழு என்றால் இதில் எண்ண முடியாத அளவு. வைகாசியில் இரவு பத்து மணியளவில் தெற்கே, தொடுவானத்திலிருந்து (கையை முன்னே நீட்டிப் பிடித்து அளந்தால்) மூன்று கைமுட்டி உயரத்தில் ஒமேகா சென்டோரி என்ற நட்சத்திரக் கொத்து, பஞ்சு போல. ரொறொன்ரோவில் அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மருமகன் பார்த்துவிட்டு மாமாவுக்குப் போன் எடுத்துச் சொல்லட்டும். பகலில் மட்டும் இருகண் நோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கோ. கண் போய்விடும்.

கேள்வி: ஐயா, மொட்டை மாடியில் நின்று ஸ்கை மேப் பார்த்தால் நட்சத்திரம் நிற்கிற இடம் ஒன்று, போன் காட்டுகிற இடம் வேறொன்று. செயலி பிழையா, என் போன் பிழையா?
(மாணவன், தெல்லிப்பழை)

பதில்: இரண்டும் இல்லை தம்பி, நீர் நிற்கிற இடம் பிழை. காலடியில் கொங்கிறீற்றுக்குள் முழுக்கக் கம்பி. பக்கத்தில் தகரக் கூரையோ தண்ணீர்த் தாங்கியின் இரும்புக் காலோ இருந்தால் இன்னும் மோசம். பூமியின் காந்தப்புலம் மிக மெலிந்தது. கிட்டத்தில் உள்ள இரும்பு அதை எளிதில் வளைத்துவிடும். போன் உறை காந்தத்தால் மூடுகிற வகை என்றால் முதலில் அதைக் கழற்றும். இரும்புக் கேற், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் விட்டு விலகி வளவின் நடுவுக்குப் போய், போனைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சில தடவை சுழற்றும். உணரி தன்னைத் திருத்திக்கொள்ளும்.

திருந்தியதா என்று பார்க்க, தாழ்வாக நிற்கிற, உமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று வேண்டும். மாசி பிறக்கிற நாட்களில் இரவு ஒன்பது மணியளவில் அகத்தியர் நட்சத்திரம் ஏறக்குறைய நேர் தெற்கே, மூன்று கைமுட்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் எரிந்துகொண்டு நிற்கும். கனோபஸ் என்று செயலி சொல்வது அதைத்தான். போன் அதைச் சரியாகப் பிடித்தால் மற்றதையும் நம்பலாம். பருத்தித்துறைக் கரைக்குப் போக வசதி என்றால் துருவ நட்சத்திரம் இன்னும் நல்லது. வடக்கே கடலுக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் அசையாமல் நிற்கும். உள்ளூரில் அதைப் பனங்கூடல் மறைத்துவிடும்.

திருவாதிரையை வைத்துச் சோதிக்க வேண்டாம். அதே நாட்களில் எட்டரை மணியளவில் அது யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சிக்கு மிக அருகே போகும். உச்சியில் வடக்கேது தெற்கேது? போனும் தடுமாறிச் சுழலும், கழுத்தும் நோகும். பாயை விரித்துப் படுத்துக்கொண்டு வெறுங்கண்ணால் பாரும்.

இன்னொன்று. திரையின் வெளிச்சத்தைச் சிவப்புக்கு மாற்றும், செயலியில் அதற்கு வழி இருக்கிறது. இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், வெள்ளைத் திரையை ஒருதரம் பார்த்தால் அது போய்விடும். ஒரு நட்சத்திரத்தின் பெயர் தெரிந்ததும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடும். திரையில் தெரிகிற வானத்தைப் பார்க்கவென்றால் அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே இருந்தே பார்க்கலாமே.

கேள்வி: நட்சத்திரங்களைச் சுட்டிக் காட்டப் பச்சை லேசர் வாங்கலாமா? எங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட.
(ஓர் இளைஞர், ஏழாலை)

பதில்: பலாலி விமான நிலையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். இறங்குகிற விமானியின் கண்ணில் அந்த ஒளி பட்டால் விபரீதம். தவிர, மலிவு லேசர்களில் 5 மில்லிவாற் என்று ஒட்டியிருக்கும், உள்ளே அதைவிடக் கூட இருக்கும். பிள்ளைகளின் கண்ணுக்கும் ஆபத்து. நீளமான பூவரசங் கம்பு ஒன்றை வெட்டி, பிள்ளைகளை உமக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திக் காட்டும்.