ரிசர்ச் செலவுக்கு டாக்ஸ் சலுகை வேணுமா, அப்ளிகேஷனை தள்ளிப்போடாதீங்க

தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்து ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, நானும் மச்சானும் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கோம், டர்பன் ஈரக்காத்துல மிளகாய் சரியா காயவே மாட்டேங்குது, அதுக்கு சோலார்ல ஓடுற ட்ரையர் ஒண்ணு டெவலப் பண்றோம். ரிசர்ச் பண்ணா கவர்ன்மென்ட் டாக்ஸ் கழிவு தருதாமே, எங்களுக்கு கெடைக்குமா? ஒரு யூனிவர்சிட்டியும் சேர்ந்து செய்யலாம்ங்குது."

தம்பி, கெடைக்க வழி இருக்கு. நீங்க சொல்றது இன்கம் டாக்ஸ் சட்டத்துல இருக்கற செக்‌ஷன் 11டி. இது 2006ல வந்தது, இப்போ 2033 டிசம்பர் வரைக்கும் நீட்டியிருக்காங்க. ஆனா கம்பெனிக்கு மட்டும்தான், நீங்க ரெண்டு பேரும் சும்மா பார்ட்னரா இருந்தா கெடைக்காது, மொதல்ல கம்பெனியா ரிஜிஸ்டர் பண்ணுங்க. 1,00,000 ராண்ட் ரிசர்ச்சுக்கு செலவு பண்ணா டாக்ஸ் போடற வருமானத்துல இருந்து 1,50,000 கழிச்சுக்கலாம், 27 சதவீத டாக்ஸ்ல பாத்தா வழக்கமான கழிவுக்கு மேல 13,500 ராண்ட் மிச்சம். சின்ன பிசினஸ் ரேட்ல டாக்ஸ் கட்டுறவங்களுக்கு இதைவிட கம்மியாத்தான் நிக்கும். லாபமே இல்லாத வருஷத்துல கையில காசா எதுவும் வராது, நஷ்டக் கணக்குல சேர்ந்து அடுத்த வருஷத்துக்குப் போகும். அதனால இத நம்பி கடன் வாங்கிடாதீங்க தயவுசெஞ்சு.

நெறைய பேர் கோட்டை விடுறது தேதியிலதான். சயின்ஸ் மினிஸ்டர்கிட்ட அப்ரூவல் வாங்கணும், முன்னாடியெல்லாம் அப்ளிகேஷன் போய்ச் சேந்த தேதிக்கு அப்புறம் ஆன செலவு மட்டும்தான் கணக்கு, 2024 ஜனவரியில இருந்து அப்ளிகேஷன் போட்டதுக்கு முந்தின ஆறு மாச செலவையும் சேத்துக்கலாம்னு மாத்தியிருக்காங்க, நல்ல மாத்தம், சின்ன ஆளுங்களுக்கு ரொம்பவே உதவும். ஆனா ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆன செலவு போனது போனதுதான்.

அப்புறம் எது ரிசர்ச்? கடையில கெடைக்கற ஃபேனையும் பேனலையும் மாட்டிப் பாத்தா அது ரிசர்ச் இல்ல. அந்த ஃபீல்டு தெரிஞ்ச இன்ஜினியருக்கே முன்கூட்டி விடை தெரியாத கேள்வி இருக்கணும், அத முறையா சோதிச்சுப் பாத்திருக்கணும். உங்க கேஸ்ல, இவ்வளவு ஈரப்பதத்துல நெறமும் காரமும் கெடாம எந்த சூட்டுல, எந்தக் காத்தோட்டத்துல காயும்ங்கறது அப்படி ஒரு கேள்வியா இருக்கலாம். ஒவ்வொரு சோதனையும் தேதி போட்டு நோட்டுல எழுதுங்க, தோத்ததையும் எழுதுங்க, அதுதான் உங்க சாட்சி. மார்க்கெட் ரிசர்ச், வழக்கமான டெஸ்டிங், ஆபீஸ் நிர்வாகச் செலவு இதெல்லாம் சேராது.

யூனிவர்சிட்டி விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருங்க. 2008ல வந்த சட்டப்படி பொதுப்பணத்துல நடக்கற ரிசர்ச்ல பொறக்கற கண்டுபிடிப்பு பொதுவா யூனிவர்சிட்டிக்குத்தான் சொந்தம். முழுச் செலவையும் நீங்களே குடுத்தா அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது, யாருக்கு உரிமைன்னு நீங்களே பேசி முடிச்சுக்கலாம். பாதி குடுத்து கூட்டு உரிமை வேணும்னா கண்டுபிடிப்புலயும் உங்க பங்கு இருக்கணும், ஒப்பந்தமும் இருக்கணும். இத வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வக்கீல வச்சு எழுதிடுங்க.

இன்னொண்ணு, கண்காட்சியில ட்ரையரை காட்டறதுக்கு முன்னாடியே ப்ரொவிஷனல் பேட்டன்ட் (கண்டுபிடிப்பு உரிமை கேட்டு மொதல்ல போடற அப்ளிகேஷன்) போட்டுடுங்க, வெளிய காட்டிட்டா புதுசுங்கற தகுதியே போயிடும். போட்டப்புறம் முழு அப்ளிகேஷனுக்கு 12 மாசம் டைம் இருக்கு.