விட்டுப்போன தஹஜ்ஜுத் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடந்த ரமளானில், அம்மாத இரவுத் தொழுகையான தராவீஹின் தொடர்ச்சியாக, தூங்கி எழுந்து தொழும் இரவுத் தொழுகையான தஹஜ்ஜுதைத் தொழத் தொடங்கினேன். ரமளான் முடிந்த பிறகும் விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, எட்டு ரக்அத்தும் (தொழுகையின் ஒரு சுற்று ரக்அத்), இரவின் நிறைவாக ஒற்றைப்படையில் தொழும் வித்ர் மூன்றும் தொழுதுவிட்டு, மூன்றரை மணியளவில் மீண்டும் படுப்பேன். நான்கு மாதம் இப்படி நடந்தது. பிறகு அலுவலக வேலை கூடியது. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று விட்டுப்போய், இப்போது ஒன்றரை மாதமாக முற்றிலும் நின்றுவிட்டது. உண்மையைச் சொல்வதென்றால், தஹஜ்ஜுத் தொழுத நாட்களிலும் பின்னால் வந்த தூக்கத்தில் சில வேளைகளில் வைகறைத் தொழுகையான சுப்ஹு தப்பி, வெயில் ஏறிய பிறகு கழாவாக, அதாவது நேரம் கடந்து, தொழுதிருக்கிறேன்.

அண்மையில் கேட்ட ஓர் உரையில், தஹஜ்ஜுதைத் தொடங்கிவிட்டு விடுவது பாவம், அது நயவஞ்சகத்தின் அடையாளம் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை. மறுபடியும் விட்டுவிடுவேனோ என்ற அச்சத்தில், தொடங்காமலே இருக்கிறேன். வித்ரைத் தூங்குமுன் தொழுதுவிட்டால் பிறகு எழுந்தாலும் தஹஜ்ஜுத் கிடையாது என்று ஒரு நண்பர் வேறு சொல்கிறார். இன்னொன்று: என் மனைவியையும் எழுப்புவேன். விளக்கைப் போட்டு இரண்டு மூன்று முறை கூப்பிடுவேன். எழ மறுத்த நாட்களில் கோபப்பட்டிருக்கிறேன். அது சரியா என்பதையும் எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

நான் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் ஆலிம் அல்லன். சட்ட நுணுக்கங்களில் உங்களுக்கு அருகிலுள்ள ஆலிமின் சொல்லே முன்னுரிமை பெறும். ஆனால் உங்களை வாட்டும் முதல் கேள்விக்கு நுணுக்கம் எதுவும் தேவையில்லை. தஹஜ்ஜுத் நஃபிலான, அதாவது கடமையல்லாத உபரித் தொழுகை. தொழுதால் பெரும் நன்மை உண்டு. தொழாமல் விட்டால் குற்றமில்லை. நான்கு மாதம் தொழுதார் என்பதற்காக ஒருவருக்கு அது ஃபர்ளாக, அதாவது கட்டாயக் கடமையாக, ஆகிவிடுவதில்லை.

இது எப்படி நஃபிலாயிற்று என்பதை நீங்கள் அறிந்துகொண்டால் உங்கள் அச்சத்தில் பாதி தணியும் என்று நினைக்கிறேன். குர்ஆனின் 73-ஆம் அத்தியாயமான அல்முஸ்ஸம்மில், இரவில் சிறிது நேரம் நீங்கலாக எழுந்து நிற்குமாறும், அதில் பாதியோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ தொழுமாறும், குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓதுமாறும் நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிட்டுத் தொடங்குகிறது. நபியவர்களின் இரவுத் தொழுகையைப் பற்றி ஸஅத் பின் ஹிஷாம் என்பவர் நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சென்று கேட்டபோது, அவர்கள் இந்த அத்தியாயத்தையே எடுத்துக்காட்டினார்கள். அதன் தொடக்கத்தில் இரவுத் தொழுகை கடமையாக்கப்பட்டது. நபியவர்களும் தோழர்களும் ஓராண்டு அவ்வாறே நின்று தொழுதார்கள். அத்தியாயத்தின் இறுதிப் பகுதியை அல்லாஹ் பன்னிரண்டு மாதம் தடுத்து வைத்திருந்து, பிறகு அதை இறக்கிச் சுமையை இலேசாக்கினான். கடமையாக இருந்தது அதற்குப் பின் உபரியான தொழுகையாயிற்று என்பது ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கும் அவர்களின் விளக்கம்.

அந்த இறுதிப் பகுதியான 20-ஆம் வசனத்தை ஒருமுறை பொருளோடு ஓதிப் பாருங்கள். சுமை ஏன் இலேசாக்கப்பட்டது என்பதற்கு அதிலேயே காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்களில் நோயாளிகள் இருப்பார்கள், அல்லாஹ்வின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோர் இருப்பார்கள், அவன் பாதையில் போரிடுவோர் இருப்பார்கள் என்பதை அவன் அறிவான். எனவே இயன்ற அளவு ஓதுங்கள் என்கிறது வசனம். அருளைத் தேடுவது என்பதைப் பிழைப்புக்கான வணிகம் என்றே விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். போருக்குச் செல்பவரோடும் நோயில் கிடப்பவரோடும் பிழைப்புக்காக அலைபவரையும் சேர்த்து எண்ணி இந்தச் சலுகை இறங்கியிருக்கிறது. ‘அலுவலக வேலை கூடியது’ என்று நீங்கள் குற்ற உணர்வோடு எழுதியிருக்கும் காரணம், அந்தச் சலுகை வழங்கப்பட்ட காரணங்களில் ஒன்றுக்கு மிக அருகில் நிற்கிறது.

நீங்கள் கேட்ட உரையில் எந்த ஹதீஸ் (நபிமொழி) ஆதாரமாகக் காட்டப்பட்டிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ‘அப்துல்லாஹ்வே, இன்னாரைப் போல் ஆகிவிடாதீர், அவர் இரவில் நின்று தொழுதுகொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார்’ என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் கூறியதாகப் புகாரி நபிமொழித் தொகுப்பில் வருகிறது. தொடர்ச்சியை விடுவது விரும்பத்தக்கதன்று என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாவம் என்று எடுத்துக்கொள்ள வழியில்லை; அது கடமையை விட்ட பாவமாக இருந்திருந்தால் கண்டனம் இவ்வளவு மென்மையாக நின்றிருக்காது என்று விளக்கவுரைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. விட்டவரின் பெயர் அறிவிப்பில் ‘இன்னார்’ என்று மறைக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். யார் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்தச் சொற்களைக் கொண்டு ஓர் அவை முழுவதையும் நயவஞ்சகர்களோ என்று அஞ்ச வைப்பது எனக்கு உடன்பாடானதன்று.

நயவஞ்சகத்தின் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும். நயவஞ்சகர்களுக்கு மிகவும் பாரமான தொழுகைகள் முன்னிரவுத் தொழுகையான இஷாவும் சுப்ஹும் என்பதே நபிமொழி. இரண்டும் ஃபர்ளு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி தஹஜ்ஜுத் விட்டுப்போனது பற்றியதன்று. தஹஜ்ஜுத் தொழுத நாட்களில் சுப்ஹு தப்பியது பற்றியது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், தஹஜ்ஜுதுக்கோ ஒரு பத்தி முழுக்க வருந்தியிருக்கிறீர்கள். ஒருநாள் சுப்ஹுத் தொழுகையில் ஸுலைமான் பின் அபீ ஹஸ்மா என்பவரைக் காணாத கலீஃபா உமர் (ரலி) அவர்கள், காலையில் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் அவருடைய தாயார் ஷிஃபா அவர்களிடம் விசாரித்தார்கள். மகன் இரவெல்லாம் தொழுதான், அப்புறம் கண் அயர்ந்துவிட்டான் என்றார் தாயார். ஓர் இரவு முழுதும் நின்று தொழுவதைவிட சுப்ஹை ஜமாஅத்துடன் (கூட்டாக) தொழுவதே எனக்கு விருப்பமானது என்றார்கள் உமர். முவத்தா என்னும் ஹதீஸ் நூலில் உள்ள இந்தச் செய்தியில், தாயார் சொன்ன காரணம் உங்களுடைய காரணமேதான்.

அப்படியானால் தஹஜ்ஜுதை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டாம். இரண்டு மணி அலாரத்தை விட்டுவிடுங்கள். இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதி எஞ்சியிருக்கும்போது நம் இறைவன் கீழ்வானத்திற்கு இறங்கி, என்னிடம் கேட்பவர் யார், மன்னிப்புக் கோருபவர் யார் என்று அழைக்கிறான் என்னும் ஹதீஸை ஒட்டியே அந்த நேரத்தைத் தேர்ந்திருப்பீர்கள். இந்தக் கணக்கில் இரவு என்பது சூரியன் மறைவதிலிருந்து சுப்ஹு நேரம் தொடங்கும் வரை. மஃக்ரிப் ஆறரைக்கும் சுப்ஹு ஐந்துக்கும் இருக்கும் ஒரு நாளில் இரவு பத்தரை மணி நேரம். அதில் மூன்றில் ஒன்று மூன்றரை மணி நேரம். கடைசிப் பகுதி ஒன்றரை மணிக்குத் தொடங்கி ஐந்து வரை நீள்கிறது. இரண்டு மணி எந்த அளவுக்கு அதற்குள் இருக்கிறதோ, நாலரை மணியும் அதே அளவுக்கு இருக்கிறது. நாலரைக்கு எழுந்து, சுருக்கமாக இரண்டு ரக்அத்தும் வித்ரும் தொழுதுவிட்டுச் சற்று நேரம் மன்னிப்புக் கோரும் இஸ்திக்ஃபாரில் அமர்ந்தீர்களானால், மீண்டும் படுக்காமலே சுப்ஹுக்குள் நுழைந்துவிடலாம். இரவின் பின்நேரங்களில் மன்னிப்புக் கோருவோரைக் குர்ஆன் தனியே புகழ்ந்திருக்கிறது. தஹஜ்ஜுதுக்குப் பின் தூங்குவதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தாவூத் (அலை) அவர்கள் இரவில் பாதியைத் தூங்கி, மூன்றில் ஒரு பங்கைத் தொழுது, ஆறில் ஒரு பங்கை மீண்டும் தூங்குவார்கள் என்றும் அதுவே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான இரவுத் தொழுகை என்றும் நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தூங்கி எழ முடிந்தவர்களுக்கு அது. உங்களால் முடியவில்லை என்பது நான்கு மாதத்தில் தெரிந்துவிட்டது.

இரண்டு ரக்அத் போதுமா என்று மனம் இடிக்கும். எனக்கும் இடித்ததுண்டு. எட்டு ரக்அத்தை எண்ணிக்கைக்காகவே தொழுது முடித்துவிட்டு, கடைசி நான்கில் எந்த அத்தியாயத்தை ஓதினோம் என்பதே நினைவில்லாமல் எழுந்த இரவுகள் எனக்கு இருந்திருக்கின்றன. நபியவர்கள் ரமளானிலும் ஏனைய மாதங்களிலும் பதினொரு ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்ற ஆயிஷா அவர்களின் அறிவிப்பை எண்ணிக்கைக்கு ஆதாரமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அதே அறிவிப்பில் அவற்றின் அழகையும் நீளத்தையும் பற்றிக் கேட்காதே என்று அவர்கள் சொல்லியிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஓர் இரவு நபியவர்களோடு சேர்ந்து நின்ற இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கே, நின்ற நீளத்தில், அவர்களை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியிருக்கிறது. அதை அவர் பிறகு வெளிப்படையாகச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

இரவுத் தொழுகை பற்றிய ஹதீஸ்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எழுந்திரு என்று சொல்லும் அதே நாவு, போய்த் தூங்கு என்றும் பலமுறை சொல்லியிருக்கிறது. பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து நபியவர்கள் விசாரிக்கிறார்கள். ஸைனப் (ரலி) அவர்களுடையது, தொழுது சோர்ந்தால் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பதில் வருகிறது. அவிழ்த்துவிடுங்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், சோர்ந்தால் உட்காரட்டும் என்கிறார்கள். தொழுகையில் கண் அசந்தால் படுத்துவிட வேண்டும், ஏனென்றால் பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தன்னையே ஏசிக்கொண்டிருக்கக்கூடும் என்பது இன்னொரு ஹதீஸ். மேலே சொன்ன அப்துல்லாஹ் பின் அம்ரும் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தவர்தான். உம் உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இன்னும் முடியும், இன்னும் முடியும் என்று கேட்டு வாங்கியவர், முதுமையில், நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். விட்டுவிடாதீர் என்ற அறிவுரையையும் குறைத்துக்கொள்ளும் என்ற அறிவுரையையும் பெற்றவர் ஒரே மனிதர் என்பதால், முதலாவதை இரண்டாவதோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான செயல் குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது என்ற பிரபலமான நபிமொழியிலும் ‘குறைவாக இருந்தாலும்’ என்ற சொல் இருக்கிறது.

நாலரை அலாரத்திலும் எழ முடியாத நாட்கள் வரும். தூக்கமோ வலியோ மிகைத்து இரவுத் தொழுகை தவறினால் நபியவர்கள் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று ஆயிஷா அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இரண்டு ரக்அத்தை முற்பகலில் தொழுதுகொள்ளுங்கள். எழும் நிய்யத்துடன் படுத்துத் தூக்கம் மிகைத்துவிட்டவருக்கு அவர் எண்ணியது எழுதப்படும், அந்தத் தூக்கம் இறைவன் அவருக்கு அளித்த தர்மம் என்ற ஹதீஸும் இருக்கிறது. மறுபடி விட்டுவிடுவேனோ என்று அஞ்சித் தொடங்காமல் இருப்பதற்கு இதற்குப் பிறகும் காரணம் எஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வித்ர் விஷயத்தில் உங்கள் நண்பர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். எழ முடியாது என்று அஞ்சுபவர் முன்னிரவிலேயே வித்ர் தொழட்டும், எழும் நம்பிக்கை உள்ளவர் கடைசியில் தொழட்டும் என்று நபியவர்கள் இரண்டையும் அனுமதித்திருக்கிறார்கள். முன்பே தொழுதுவிட்டுப் பிறகு எழுந்தவர் இரண்டிரண்டு ரக்அத்துகளாகத் தஹஜ்ஜுத் தொழலாம். ஓர் இரவில் இரண்டு வித்ர் இல்லை என்பதால் வித்ரை மட்டும் மீண்டும் தொழ வேண்டியதில்லை. பெரும்பாலான அறிஞர்களின் நிலைப்பாடு இதுதான்.

இனி உங்கள் மனைவி. கணவன் எழுந்து தொழுது மனைவியை எழுப்புவதையும், எழ மறுத்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதையும் புகழும் ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் மறுபாதியில் மனைவி எழுந்து கணவனுக்கு அதையே செய்கிறாள் என்பதும் தெரிந்திருக்கும். இருவருக்காகவும் ‘அல்லாஹ் அருள்புரிவானாக’ என்று துஆச் செய்யும் ஹதீஸ் அது. அதில் கோபத்துக்கு இடமில்லை. நபியவர்களே ஓர் இரவு தம் மருமகன் அலீ, மகள் ஃபாத்திமா (ரலி) இருவரிடமும் வந்து, தொழவில்லையா என்று கேட்டார்கள். எங்கள் உயிர்கள் அல்லாஹ்வின் கையில் இருக்கின்றன, அவன் எழுப்ப நாடினால் எழுப்புவான் என்று அலீ சொன்னதும், மறுமொழி சொல்லாமல் திரும்பி, மனிதன் மிக அதிகமாகத் தர்க்கம் செய்பவனாக இருக்கிறான் என்ற வசனத்தைத் தொடையில் தட்டியபடி ஓதிக்கொண்டு போய்விட்டார்கள். பதில் பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் வற்புறுத்தவில்லை, கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

தங்கள் வீட்டில் நடந்ததை ஆயிஷா அவர்கள் சொல்லியிருப்பது உங்களுக்கு இன்னும் பொருத்தமானது. நபியவர்கள் தொழும்போது, தாம் அவர்களுக்கும் தொழுகைத் திசையான கிப்லாவுக்கும் இடையே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததையும், ஸஜ்தாவுக்கு (சிரம்பணிதலுக்கு) வரும்போது அவர்கள் தம்மை மெல்லத் தொடுவதையும், தாம் காலை மடக்கிக்கொள்வதையும், அவர்கள் எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வதையும் விவரிக்கிறார்கள். அந்நாட்களில் வீடுகளில் விளக்குகள் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். தொழுகையெல்லாம் முடிந்து வித்ர் தொழ நாடும்போது நபியவர்கள் ஆயிஷா அவர்களை எழுப்புவார்கள். அவர்களும் எழுந்து வித்ர் தொழுவார்கள். நீங்களும் விளக்கைப் போடாமல் உங்கள் இரண்டு ரக்அத்தை முடித்துவிட்டு, வித்ருக்கு முன் ஒரேயொரு முறை கூப்பிடுங்கள். அவர் எழவில்லை என்றால் சுப்ஹுக்கு எழுப்பிக்கொள்ளலாம்.