4294967297 பகா எண்ணா? இந்த எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு?

பகா எண் இல்லை. 641 × 6700417 என்று பிரியும். ஆனால் பார்ப்பவரை ஏமாற்றுவதில் இது கெட்டிக்கார எண். 17-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித அறிஞர் பெர்மாவே ஏமாந்தார் என்றால் பாருங்கள்.

இது 2³² + 1. இரண்டை மறுபடி மறுபடி வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து வருவதுதான் நம்முடைய எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று பெர்மா 1640 வாக்கில் நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் 641 இதன் காரணி என்று காட்டினார்.

இத்தனைக்கும் தேடல் சின்னதுதான். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது!

வகுக்காமலும் காட்டலாம், எனக்குப் பிடித்தது இந்த வழிதான். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 1 குறைவு) என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். ஆக, −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், பெர்மாவின் சொந்தத் தேற்றமே இங்கே கைகொடுக்காது. p என்பது 2-ஐத் தவிர்த்த பகா எண் என்றால் 2-இன் (p−1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும். நம் எண் பகு எண்ணாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. நம் எண்ணால் வகுக்க 2³²-இன் மீதி −1, எனவே 2⁶⁴-இன் மீதி 1; p இருக்கும் இடத்தில் நம் எண்ணைப் போட்டால் p−1 என்பது 2³², அது 64-இன் மடங்கு. 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் குட்டு உடையும். ஆனால் அதற்கு 32 முறை வர்க்கப்படுத்தி மீதி காணவேண்டும், கையால் போடுவதென்றால் கொஞ்சம் பாடுதான்.

இன்னொரு சாட்சியும் உண்டு: 65536² + 1² என்றும் எழுதலாம், 62264² + 20449² என்றும் எழுதலாம். பகா எண்ணை இப்படி இரண்டு விதமாக எழுதவே முடியாது.

அப்புறம், வரிசையில் இதற்கு முந்தைய ஐந்தையும் பெருக்கினால் 4294967295, சரியாக 2 குறைவு. இந்த வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால், கணித மேதை காஸ் கண்ட விதிப்படி, அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையலாம் (கொள்கையளவில்!). ஆறாவது பெர்மா பகா எண் (இந்த வரிசையில் வரும் பகா எண்) இதுவரை கிடைக்கவில்லை என்பதால், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பெரியது அதுதான்.

கணினியில் சோதிப்பதாக இருந்தால் 64 பிட் எண்வகையை எடுங்கள். குறியில்லா 32 பிட்டில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும்.